செந்நூல் ஊரிலே சிவந்த முட்டை

கிரேக்க நாட்டின் வடபாகத்திலே தெசாலி என்றொரு சமவெளி உண்டு. கோதுமையும் பருத்தியும் விளையும் பரந்த பூமி அது. அச்சமவெளி கடலை நோக்கிச் சென்று முடியும் இடத்திலே இரண்டு மலைகள் எதிரெதிராக நின்று வழி மறிக்கின்றன. வடக்கே நிற்பது ஒலிம்பஸ் மலை. பழங்காலக் கிரேக்கர் தம் தேவர்களின் இருப்பிடமெனக் கொண்டாடிய மலை அதுவே. தெற்கே நிற்பது ஒஸ்ஸா மலை. இக்காலத்தார் அதனைக் கிசாவோஸ் என்றும் அழைப்பர். இவ்விரு மலைகளுக்கும் நடுவேயுள்ள இடுக்கு வழியாகப் பினியோஸ் ஆறு கடலுக்குப் பாய்கின்றது. ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் நீளமான அந்த இடுக்குக்குத் தெம்பே என்று பெயர்.

தெம்பேக்கு மேலே, ஒஸ்ஸாவின் சரிவிலே, அம்பெலாக்கியா என்னும் ஊர் இருக்கின்றது. சிறு திராட்சைத் தோட்டங்கள் என்பதே அப்பெயரின் பொருள். 2024 ஆம் ஆண்டின் பெரிய வாரத்திலே, புதன்கிழமை பிற்பகல், நாம் அவ்வூரை அடைந்தோம். எமது நாட்டிலே அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறு மார்ச் 31 இலேயே கழிந்துவிட்டது. கிரேக்கத் திருச்சபையோ பாஸ்குவின் நாளைப் பழைய யூலியன் பஞ்சாங்கத்தைக் கொண்டு கணிப்பதால், அவர்களுக்கு மே 5 ஆம் திகதியே அப்பெருநாள் வந்தது. ஓராண்டிலே இருமுறை பாஸ்கு காணும் பேறு எமக்கு வாய்த்தது.

நாம் சென்ற நோக்கம் முட்டைக்குச் சாயமிடுவதைக் காண்பது. பெரிய வியாழனன்று முட்டைகளைச் சிவப்பாக்குவது கிரேக்க நாடெங்கும் உள்ள வழக்கம். அந்நாளைச் 'சிவந்த வியாழன்' என்றே கூறுவாரும் உளர். அவ்வாறாயின் இம்மலையூரைத் தேடிச் செல்வானேன் என்று வாசகர் வினவலாம். சிவப்புச் சாயத்தினாலேயே வாழ்ந்து, அச்சாயத் தொழிலின் அழிவோடு தானும் தளர்ந்த ஊர் இது. அத்தகைய ஊரிலே முட்டை எவ்வாறு சிவக்கின்றது என்று அறிய விரும்பினோம்.

லாரிசா நகரிலிருந்து ஊருக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வழியிலே, தெம்பேக்கு அண்மையில், புகையிரதப் பாதையோரத்திலே பூக்களும் விளக்குகளும் வைத்திருக்கும் ஓரிடம் உண்டு. 2023 பெப்ரவரி 28 ஆம் திகதி இரவு பிரயாண வண்டியொன்றும் சரக்கு வண்டியொன்றும் அங்கே நேருக்கு நேர் மோதின. ஐம்பத்தேழு பேர் மாண்டனர். விடுமுறை கழித்துத் திரும்பிய மாணவர் பலர் அவர்களுள் இருந்தனர். எம்மோடு வந்தவர்கள் அவ்விடம் நெருங்கியதும் பேச்சை நிறுத்திச் சிலுவையிட்டுக்கொண்டார்கள். நாமும் தலை தாழ்த்தினோம்.

பின்னர் பாதை வளைந்து வளைந்து மேலேறியது. கீழே ஆறும், அதன் கரையிலே நிழல் மரங்களும், எதிரே ஒலிம்பஸின் பெருஞ்சரிவும் தோன்றின. கற்சுவர் வீடுகளும் கல் பாவிய தெருக்களும் முன்வந்தன. தெருவிலே வண்டிகள் குறைவு. கோழியின் கொக்கரிப்பே மிகுதி. அந்தக் கோழிகளைப் பார்த்ததும் வந்த காரியம் கைகூடும் என்ற நம்பிக்கை பிறந்தது.

இன்று அமைதியே உருவான இவ்வூர், 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றிருந்தது. தெசாலிச் சமவெளியின் பருத்தியை நூலாக்கி, அந்நூலை மங்காத சிவப்பாகத் தோய்த்து, மலைகளைக் கடந்து ஒஸ்திரியாவுக்கும் ஜேர்மன் நாடுகளுக்கும் அனுப்பினார்கள் இவ்வூரார். 1778 ஆம் ஆண்டளவிலே தோட்டக்காரர், தொழிலாளர், வணிகர் ஆகியோர் ஒன்றுகூடிப் பங்கு முறையிலே ஒரு கூட்டுச் சங்கத்தை அமைத்தனர். அதற்கு வியன்னா முதலிய நகரங்களிலே கிளைகள் இருந்தன. இங்கிலாந்தின் ரொச்டேல் நெசவாளர் தம் புகழ்பெற்ற சங்கத்தை 1844 இலேதான் தொடங்கினர். ஆதலால் உலகின் முதற் கூட்டுறவுச் சங்கம் தமதே என்று அம்பெலாக்கியர் இன்றும் பெருமை கொள்வர்.

அக்காலத்திலே சலோனிக்காவில் பிரெஞ்சுத் தூதராக இருந்த பெலிக்ஸ் போசூர் என்பவர் இவ்வூரைப் பற்றி எழுதியிருக்கின்றார். இருபத்து நான்கு சாயச்சாலைகள் இருந்தன என்றும், ஆண்டுதோறும் 2,500 பொதி நூல் தோய்க்கப்பட்டது என்றும் அவர் கணக்குத் தருகின்றார். ஒரு பொதி நூறு ஓக்கா நிறை. இக்கால அளவிலே மொத்தம் ஏறக்குறைய 320 தொன் ஆகும். துருக்கியர் ஆட்சிக்குட்பட்ட ஒரு மலைக் கிராமம் ஒல்லாந்து நாட்டுப் பட்டினம் போல இயங்குகின்றதே என்று அவர் வியந்தார்.

அச்சங்கத்தின் தலைவர் மாளிகை இன்று பொருட்காட்சிச்சாலையாக இருக்கின்றது. மூன்று மாடி, மேல்மாடி தெருவின் மேலே நீண்டு நிற்கும். உள்ளே சுவரெங்கும் ஓவியங்கள், மரத்திலே நுண்ணிய வேலைப்பாடுகள். 1787 இலே தொடங்கி 1798 வரையில் கட்டினார்களாம். தலைவரின் பெயர் கியோர்கியோஸ் மாவ்ரோஸ். 'மாவ்ரோஸ்' என்றால் கறுப்பு. ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளோடு வணிகம் செய்ததனால் அப்பெயரை மொழிபெயர்த்துச் 'ஸ்வார்ட்ஸ்' என வைத்துக்கொண்டார். சிவப்பு விற்றுச் செல்வரானவரின் பெயர் இரு மொழியிலும் கறுப்பாகவே இருந்தது!

அந்தச் சிவப்புக்கு மூலம் ஒரு வேர். கிரேக்கர் அதனை 'ரிசாரி' என்பர். நம் நாட்டு மருந்துக் கடைகளிலே மஞ்சிட்டி என்று விற்கும் வேரின் நெருங்கிய உறவு அது. அதனை அரைத்துக் காய்ச்சினால் மட்டும் நூல் சிவந்துவிடாது. நூலை ஒலிவ் எண்ணெயும் காரநீரும் கலந்த கலவையிலே பலமுறை தோய்த்து உலர்த்த வேண்டும். ஆட்டெரு கலந்த நீரிலும், மாசிக்காய் நீரிலும், படிகார நீரிலும் ஊறவைக்க வேண்டும். அதன் பின்னரே வேர்ச்சாயத்திலே கொதிக்கவைப்பர். பல வாரம் பிடிக்கும் வேலை. இந்த வித்தையைக் கற்பதற்காகப் பிரெஞ்சுக்காரர் 1747 இலே கிரேக்கச் சாயக்காரரைத் தம் நாட்டுக்கு அழைத்துச் சென்றனர் என்றால் அதன் மதிப்பை உணரலாம்.

இங்கே எமக்கு எம் கடற்கரை நினைவு வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலத்திலே விளைந்த சாயவேரும் இதே செடிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒல்லாந்தர் காலத்திலே அதனைத் தோண்டுவிப்பது அரசின் வருவாய்களுள் ஒன்று. அவ்வேரிலும் ரிசாரி வேரிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்னும் ஒரே பொருள். 1868 இலே கிரேபே, லீபர்மன் என்னும் ஜேர்மன் இரசாயனிகள் இருவர் அப்பொருளைச் செயற்கையாக ஆக்கிவிட்டனர். அதன் பின்னர் வேர் தோண்டும் தொழில் கிரேக்கத்திலும் நிலைக்கவில்லை. எம் நாட்டிலும் நிலைக்கவில்லை.

அம்பெலாக்கியாவின் சரிவு அதற்கும் முந்தியது. இங்கிலாந்தின் பொறிகள் நூற்ற மலிவு நூல் சந்தையை நிரப்பியது. நெப்போலியன் காலத்துப் போர்கள் பாதைகளைக் குழப்பின. 1811 இலே ஒஸ்திரிய அரசு பணமுறிவு எய்தியபோது, வியன்னாவிலே கிடந்த சங்கத்தின் செல்வமும் மதிப்பிழந்தது. அவ்வளவில் சங்கம் கலைந்தது. சாயச்சாலைகள் மறைந்தன. மாளிகையைக் கண்டு வெளியே வந்த நாம், 'அப்படியாயின் அந்தச் சிவப்பு எங்கே போயிற்று?' என்று எம்மையே கேட்டுக்கொண்டோம். மறுநாட் காலையிலே அதற்கு விடை கிடைத்தது.

நாம் தங்கிய வீடு ஒரு மூதாட்டியினுடையது. மேல்மாடி அறையைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுவார். கிரேக்க மொழியிலே பாட்டியை 'யயா' என்பர். வீட்டார் அழைத்தவாறே நாமும் அவரை யயா என்றே அழைத்தோம். லாரிசாவிலிருந்து மகளும், ஒன்பது வயதுப் பேர்த்தியும் பெருநாளுக்காக வந்திருந்தார்கள். மகள் ஆங்கிலம் அறிந்தவர். அவர் வாயிலாகவே எமது உரையாடல் நிகழ்ந்தது.

வியாழன் காலை வெள்ளென எழுந்து, முட்டைச் சாயம் காணும் ஆவலோடு கீழே வந்தோம். அடுப்பு குளிர்ந்திருந்தது. யயா கறுத்த உடையோடு சாளரத்தருகே அமர்ந்திருந்தார். முதல் நாள் அந்தக் கறுப்பை நாம் பொருட்படுத்தவில்லை. முதிய பெண்கள் பலரும் கறுப்புடுப்பதைக் கண்டிருந்தோம். மகள் எம்மை ஒதுக்கமாக அழைத்துச் சொன்னார்: "அப்பா சென்ற ஐப்பசியில் காலமானார். துக்கம் உள்ள வீட்டிலே முட்டை சிவக்கலாகாது. இனிப்புப் பாணும் சுடுவதில்லை. அயலார்தான் கொண்டுவந்து தருவார்கள். உங்களுக்கு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாமே. எம் ஊரிலும் இதுதானே வழக்கம்? செத்தவீடு நடந்த இல்லத்திலே ஆண்டுத் திவசம் முடியும் வரையில் பொங்கலும் இல்லை, பலகாரமும் இல்லை. உற்றாரும் அயலாருமே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கடல் பல கடந்து சென்றும் எம் வீட்டு முறையையே கண்டோம். பாதையோரத்து விளக்குகளும் அப்போது நினைவுக்கு வந்தன. சென்ற ஆண்டு இந்நாளிலே எத்தனை வீடுகளில் முட்டை சிவக்காது இருந்திருக்கும்!

ஆயினும் ஒன்றைக் கண்டு வியந்தோம். சமையலறைக் கதவின் பின்னே ஒரு துணிப்பை தொங்கியது. அது நிறைய வெங்காயச் சருகு. மாரி காலம் முழுவதும், ஒவ்வொரு நாளும் கறிக்கு உரித்த வெங்காயத்தின் மேற்தோலை யயா அதிலே சேர்த்துவந்திருக்கின்றார். இவ்வாண்டு முட்டை இல்லை என்று அறிந்தும் ஏன் சேர்த்தீர்கள் என்று மகள் கேட்டதற்கு, "கை தானாகச் சேர்த்தது. எறிய மனம் வரவில்லை" என்றார்.

அவ்வேளையில் எதிர்வீட்டு இளம் மனைவி உள்ளே வந்தார். அவருடைய கையிலே கடையில் வாங்கிய சாயப்பொடிப் பொட்டலம் ஒன்று இருந்தது. இக்காலத்திலே கிரேக்க நாட்டிலே பெரும்பாலான வீடுகளில் இப்பொடிதான். "மாமி, உங்கள் பங்குக்கும் நானே போடுகிறேன். எத்தனை முட்டை வேண்டும்?" என்று கேட்டார். யயா பொட்டலத்தைப் பார்த்தார். கதவின் பின்னே தொங்கிய பையைப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "உன் அடுப்பு, உன் முட்டை. என் சருகைக் கொண்டுபோ. நான் தொடமாட்டேன், பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன். சின்னவள் கை வைக்கட்டும்" என்றார்.

ஆகவே நாம் யாவரும் தெருவைக் கடந்தோம். பேர்த்தி பையைச் சுமந்தாள். யயாவுக்கு அடுப்பருகே ஒரு நாற்காலி இடப்பட்டது. அவர் கைகளை மடியிலே கோத்து வைத்துக்கொண்டு, வாயால் மாத்திரம் ஆணையிட்டார். செய்முறையை எம் வாசகிகளுக்காக முறைப்படி இங்கே தருகின்றோம்.

ஏறக்குறையப் பதினைந்து வெங்காயத்தின் உலர்ந்த மேற்தோல் வேண்டும். பழுப்பு மஞ்சள் நிறமான வெங்காயமே ஏற்றது. எங்கள் பம்பாய் வெங்காயத்துச் சருகாயின் நிறம் சற்று வேறுபடலாம். தோலை ஒரு பானையிலிட்டு, ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமான தண்ணீர் வார்த்து, இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி சேர்த்து மூடி, சிறு தீயிலே அரை மணித்தியாலம் அவிக்க வேண்டும். நீர் செம்பழுப்பாகும். அதனை வடித்து, நன்றாக ஆறவிட வேண்டும். இதிலேதான் பலர் பிழை செய்வர் என்றார் யயா. கொதிநீரிலே குளிர்ந்த முட்டையை இட்டால் ஓடு வெடித்துவிடும். முட்டையும் நீரும் ஒரே சூட்டுநிலையில் இருத்தல் வேண்டும். முட்டைகளை முன்பே கழுவித் துடைத்து, கீறல் உண்டோ என்று விரலாற் சுண்டிப் பார்க்க வேண்டும்.

பின்னர் ஒரு வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று கிடவாதபடி, முட்டைகளைச் சாய நீரிலே வைத்து, மெல்லக் கொதி வந்தபின் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவிட வேண்டும். கரண்டியால் அடிக்கடி புரட்டாவிடில் ஒரு பக்கம் வெளிறும். நிறம் போதாவிடில் முட்டைகளை அந்நீரிலேயே குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு வைக்கலாம். வெளியே எடுத்து உலர்த்தியபின், சிறிது ஒலிவ் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தால் மெருகு ஏறும். உண்பதற்கான முட்டைகளைக் குளிரிலே வைத்து ஒரு வாரத்துக்குள் உண்டுவிட வேண்டும்.

வினாகிரி எதற்கு என்று கேட்டோம். "அது இல்லாவிட்டால் சாயம் முட்டையைப் பிடிக்காது" என்பதே யயாவின் விடை. முட்டையோடு பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருள். புளிப்பு அதன் மேற்பரப்பைச் சிறிது அரித்து, சாயம் பற்றுவதற்கு இடஞ்செய்கின்றது. நூலுக்குப் படிகாரம் செய்த உதவியை முட்டைக்கு வினாகிரி செய்கின்றது எனலாம். இருபத்து நான்கு சாயச்சாலைகளின் வித்தை ஒரு சமையற்பானை அளவுக்குச் சுருங்கி நின்றது போல எமக்குத் தோன்றியது.

வெள்ளை முட்டை செம்மஞ்சளாகவும், தவிட்டு நிற முட்டை ஆழ்ந்த செம்பழுப்பாகவும் வெளிவந்தன. கடைப்பொடியின் பளிச்சென்ற சிவப்பு அன்று. உலர்ந்த இரத்தம் போன்ற அடங்கிய சிவப்பு. "என் பாட்டி காலத்திலே ரிசாரி வேரையும் சேர்ப்பார்கள். அப்போது இன்னும் சிவக்கும். அந்த வேரை இப்போது யார் தோண்டுகிறார்கள்!" என்றார் யயா.

பேர்த்திக்கு ஒரு நிறம் போதவில்லை. தோட்டத்திலிருந்து சிறு இலைகளைப் பறித்துவந்தாள். இலையை முட்டையிலே படிய வைத்து, பழைய மெல்லிய காலுறைத் துண்டினாலே இறுக்கிக் கட்டி, சாயத்திலே இட்டாள். கட்டை அவிழ்த்தபோது இலையின் வடிவம், நரம்பு வரையில், வெளிறி நின்றது. அடுத்து நீல நிறம் வேண்டுமென்றாள். சிவப்புக் கோவாவை நறுக்கி அவித்த நீர் ஊதா நிறமாயிருக்கும். ஆனால் வினாகிரி சேர்த்த அந்நீரிலே வெந்த வெள்ளை முட்டையை இரவு முழுதும் ஊறவைத்தால் காலையிலே அது நீலமாகிவிடுகின்றது. பீட்றூட்டையும் பரீட்சித்தோம். கறியிலே கையையெல்லாம் சிவப்பாக்கும் அக்கிழங்கு, முட்டையிலே மங்கிய இளஞ்சிவப்பையே தந்து ஏமாற்றியது.

மஞ்சள் நிறத்துக்கு என்ன செய்வது என்று அவர்கள் யோசித்தபோது நாம் மேல்மாடிக்கு ஓடினோம். தமிழர் பிரயாணப் பையிலே ஒரு பொட்டலம் மஞ்சள் தூளாவது இராமற் போகுமோ? மூன்று மேசைக்கரண்டித் தூளிலே முட்டை பூவரசம்பூவைப்போல மலர்ந்தது. அடுக்களை மேசையிலும் எம் விரல்களிலும் அந்நிறம் ஒட்டிக்கொண்டது. யயா அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

முட்டை ஏன் சிவக்க வேண்டும் என்பதற்கு அங்கே வழங்கும் கதைகள் பல. கிறிஸ்துவின் இரத்தத்துக்கு அடையாளம் என்பது பொதுவான விளக்கம். மதலேன் மரியாள் உரோமைச் சக்கரவர்த்தி திபேரியுவின் முன்னே சென்று ஆண்டவர் உயிர்த்தார் என அறிவித்தாளாம். 'இந்த முட்டை சிவந்தாலும் சிவக்கலாம்; இறந்தவர் எழுவது எங்ஙனம்?' என்று அவன் நகைத்தானாம். அந்தக் கணமே முட்டை சிவந்தது என்பது ஐதீகம். இதற்கு வீட்டுப் பொருளாதாரக் காரணமும் உண்டு. கிரேக்கர் தபசு காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டையும் பாலும் விலக்குவர். கோழிக்கோ நோன்பு தெரியாது. வசந்தத்திலேதான் மிகுதியாக முட்டையிடும். சேர்ந்த முட்டைகளை அவித்து வைப்பதன்றி வேறு வழி யாது?

முதலிற் சிவந்த முட்டை தேவமாதாவுக்குரியது. அதனை யாரும் உண்பதில்லை. வீட்டிலே திருவுருவங்கள் வைத்திருக்கும் தட்டிலே, அடுத்த ஆண்டு வரையில் காவலாக அது இருக்கும். எதிர்வீட்டு மனைவி அன்று சிவந்த முதலாம் முட்டையைத் தம் தட்டிலே வைத்தார். இரண்டாவதைப் பேர்த்தியின் கையிலே கொடுத்து, "இது உங்கள் வீட்டுக்கு" என்றார்.

வீடு திரும்பியதும் பேர்த்தி தட்டை நோக்கி ஓடினாள். அங்கே சென்ற ஆண்டு முட்டை இருந்தது. நிறம் கறுத்திருந்தது. உட்கரு முழுதும் உலர்ந்து, அசைத்தால் சிறு கல் உருள்வது போல ஒலித்தது. புதியது வந்ததும் பழையதை அகற்றித் தோட்டத்திலே புதைத்துவிடுவது அவ்வீட்டின் முறை. யயா அதனைக் கையில் எடுத்தார். வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. "இதைத் துடைத்து எண்ணெய் பூசியவர் அவர்தான். அது அவருடைய வேலை" என்றார். மகளும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. சிறுமி மட்டும் புதிய முட்டையை ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். ஈற்றிலே யயா பழையதைத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, "வை, குஞ்சு" என்று இடம் விட்டார்.

சனிக்கிழமை நடுநிசியிலே கோவில் விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டன. அந்த இருளிலே எமக்கு 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் காலை, எம் நாட்டுக் கோவில்களிலே விடிந்த உயிர்த்த ஞாயிறு, நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு முதல் எம்மால் எந்தப் பாஸ்குவையும் அச்சம் சிறிதுமின்றிக் கொண்டாட முடிந்ததில்லை. குருவானவர் ஒற்றைச் சுடரோடு வெளிவந்தார். திரியிலிருந்து திரிக்கு நெருப்புத் தாவிக் கோவில் முற்றம் முழுவதும் ஒளி பரவியது. 'கிறிஸ்து உயிர்த்தார்' என்று ஒருவர் கூற, 'மெய்யாகவே உயிர்த்தார்' என்று மற்றவர் மறுமொழி கூறினர். அச்சுடரை அணையாமல் வீடு கொண்டுசென்று, வாசற்படியின் மேலே அதன் புகையினாலே சிலுவை வரைந்தார்கள்.

அதன் பின்னர் முட்டை மோதும் விளையாட்டு. ஆளுக்கொரு முட்டையைப் பிடித்துக்கொண்டு, நுனியோடு நுனியை மோதுவர். உடையாத முட்டைக்குரியவருக்கு அவ்வாண்டு நல்லதிர்ஷ்டம். நுனி மட்டும் தெரியும்படி விரல்களால் முட்டையைச் சுற்றிப் பிடிப்பதே வெற்றியின் இரகசியம். எமது மஞ்சள் முட்டை முதல் மோதலிலேயே உடைந்தது. யயா எதிர்வீட்டார் கொடுத்த முட்டை ஒன்றைப் பேர்த்தியின் முட்டையோடு மோதினார். சிறுமி வென்றாள். பாட்டி வேண்டுமென்றே பிடியைத் தளர்த்தியதை நாம் கண்டோம், சொல்லவில்லை.

ஞாயிறு பிற்பகல் யயா கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றார். பாஸ்கு நாளிலே இறந்தோருக்கும் சிவந்த முட்டை கொண்டுசெல்லும் வழக்கம் கிரேக்கரிடையே உண்டு. வேறு சில கல்லறைகளிலும் அன்று சிவப்பு முட்டைகள் இருந்தன, யாவும் புதியவை. யயா சட்டைப்பையிலிருந்து பழைய முட்டையை எடுத்து, கணவரின் கல்லருகே மண்ணைக் கையாலே கிண்டி, அதிலே வைத்து மூடினார். அதன் மேலே புதிய முட்டை ஒன்றைப் பேர்த்தி வைத்தாள். கீழே தெம்பேயின் ஆறு வெயிலிலே மின்னியது. எதிரே ஒலிம்பஸின் உச்சியை முகில் மூடியிருந்தது.

திங்கட்கிழமை நாம் விடைபெற்றபோது யயா மத்தியான உணவுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கதவின் பின்னே துணிப்பை வெறுமையாகத் தொங்கியது. "அடுத்த ஆண்டு வாருங்கள். துக்கம் கழிந்துவிடும். என் அடுப்பிலேயே சாயம் வைப்போம்" என்றார். எமக்கு மறுமொழி கூறுமுன்னரே, கையிலிருந்த வெங்காயத்தின் பழுப்புத் தோலை உரித்து, நொறுங்காதபடி மடித்து, பேர்த்தியிடம் நீட்டினார். சிறுமி எழுந்து சென்று அதனைப் பையிலே போட்டாள்.